தையல் எங்கே நின்றது?

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் ஒட்டுத்துணி விரிப்பு தைத்த பெண்கள் காகிதத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். காகிதத்தை அறுகோணமாகவோ சாய்சதுரமாகவோ வெட்டி, அதன்மேல் துணியை மடித்து, நீளநீளமான தையலால் பிடித்து நிறுத்துவார்கள். இப்படித் தயாரான துண்டுகளை ஓரத்தோடு ஓரம் வைத்துப் பொடித் தையலால் இணைப்பார்கள். ஒரு துண்டின் எல்லாப் பக்கமும் இணைந்துவிட்டால் அதன் உள்ளே இருக்கும் காகிதத்தை உருவிவிடலாம். பழைய கடிதம், கடைக் கணக்கு, செய்தித்தாள், பிள்ளைகள் எழுதிப் பழகிய தாள் என்று வீட்டில் கிடைத்ததெல்லாம் இதற்குப் போயிற்று. முடிந்த விரிப்புகளில் அந்தக் காகிதம் பெரும்பாலும் இல்லை. முடியாமல் நின்றவற்றில் இன்னும் இருக்கிறது. துணி ஆய்வாளர்கள் அவற்றைத் திருப்பிப் போட்டுக் காகிதத்தில் உள்ள தேதிகளைப் படித்து, எந்த ஆண்டுக்குப் பிறகு தைத்தது என்று கணிக்கிறார்கள்.

பாதியில் நிற்கும் தையல் இன்று நேற்று வந்ததில்லை. இப்போது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ‘குயில்ட்’ எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்கள், அலமாரியில் கிடக்கும் அரைகுறை வேலைகளை ‘யு.எஃப்.ஓ.’ (அன்ஃபினிஷ்டு ஆப்ஜெக்ட்) என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அதற்குப் பெயர் இல்லை, பொருள் உண்டு. கொக்கி வைக்காத பிளவுஸ், ஃபால்ஸ் ஒரு முழம் மட்டும் தைத்த புடவை, ஒரு கையோடு நின்ற ஆரி ஒர்க், பேத்திக்கு வெட்டி வைத்து அவள் வளர்ந்தே போன பாவாடை. நல்ல துணியும், தேர்ந்த கையும், நிஜமான ஆசையும் இருந்தும் நின்றவை இவை.

தைப்பவர்கள் இதற்குச் சோம்பல் என்று பெயர் சூட்டித் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். ‘ஊக்கம் வரட்டும், முடிக்கிறேன்’ என்று காத்திருக்கிறார்கள். ஆனால் நூறு ஆண்டு உளவியல் ஆய்வுகளைத் தையல் மேசைமேல் வைத்துப் பார்த்தால் வேறு விடை தெரிகிறது. வேலை கண்ட இடத்தில் நிற்பதில்லை. அது நிற்பதற்கென்று சில இடங்கள் இருக்கின்றன. அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அடுத்த தையல் எது என்று சொல்ல முடிந்தால் கை நகர்கிறது. ஊக்கம் கைக்குப் பின்னால்தான் வருகிறது.

ஒரு போர்வை, நான்கு வேலை

குயில்ட் மூன்று அடுக்கு கொண்டது. மேலே துண்டு துண்டாக இணைத்த ஒட்டுத்துணி, நடுவே மெல்லிய பஞ்சு விரிப்பு, கீழே முழுத்துணி. மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல்தான் அதைக் குயில்ட் ஆக்குகிறது. கடைசியாகச் சுற்றிலும் ஓரப்பட்டி வரும்.

மேல்விரிப்பு தைப்பது உட்கார்ந்த இடத்தில் நடக்கும் வேலை. நிறம் தேர்வது, வெட்டுவது, இரண்டு துண்டை இணைத்து இஸ்திரி போடுவது என்று சின்னச் சின்னதாகப் போகும். ஒரு கட்டம் முடிந்தால் கண்ணுக்கு முன் ஒரு பொருள் கிடைக்கும். அடுத்த கட்டத்துக்கு ஆசை தானாக வரும்.

மேல்விரிப்பு முடிந்த அன்று வேலையின் சுபாவமே மாறிவிடுகிறது. இப்போது வேண்டியது மேசை இல்லை, தரை. கட்டிலையும் நாற்காலியையும் நகர்த்த வேண்டும். கீழ்த்துணியைக் கவிழ்த்து விரித்து, இழுத்து, ஓரங்களை டேப்பால் ஒட்டி, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் ஒட்டுத்துணி. பிறகு மண்டியிட்டபடி உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாகச் சேஃப்டி பின் குத்திக்கொண்டே போக வேண்டும். பெரிய போர்வை என்றால் நூற்றுக்கணக்கான பின்கள்.

மூன்றாவது வேலை அந்த முழுக் கனத்தையும் தையல் மெஷினின் கைக்குள் நுழைப்பது. வீட்டு மெஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே 6 முதல் 8 அங்குலம்தான் இடைவெளி. சுருட்டிய போர்வை மேசையிலிருந்து சரிந்து தையலைக் கோணலாக இழுக்கும். இங்கே ஒரு முடிவும் எடுத்தாக வேண்டும்: நேர்க்கோடா, வளைகோடா, எந்த நிற நூல்? மாதக்கணக்கில் பாடுபட்ட மேல்விரிப்பைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் சேர்ந்துகொள்ளும். நான்காவது, ஓரப்பட்டி. 90க்கு 100 அங்குலப் போர்வையைச் சுற்றி வந்தால் 380 அங்குலம், 31 அடிக்கும் மேல். அதன் ஒரு பக்கத்தைப் பலர் கையாலேயே தைக்கிறார்கள்.

பழைய குயில்ட்களைச் சேகரிப்பவர்களிடம் பஞ்சு வைக்காத மேல்விரிப்புகள் நிறைய இருப்பது இதனால்தான். முதல் வேலை முடிந்து இரண்டாவது தொடங்கும் மூட்டில் அவை நின்றிருக்கின்றன. பிளவுஸும் அப்படித்தான். மெஷின் வேலை முழுவதும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். ஹெம்மிங், கொக்கி, காஜா மூன்றும் கைவேலை. வேறு ஊசி, வேறு நூல், வேறு வெளிச்சம், வேறு நேரம். மெஷினை மூடிய இடத்திலேயே பிளவுஸும் நின்றுவிடுகிறது. இடமும் கருவியும் திறமையும் ஒரே சமயத்தில் மாறும் இந்த மூட்டுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெர்லினில் இரண்டு பெண்கள்

1920களில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின் என்ற உளவியலாளரிடம் இரண்டு இளம் பெண்கள் ஆய்வு செய்தார்கள். ஒருவர் புளூமா ஸெய்கார்னிக், இன்னொருவர் மரியா ஓவ்சியான்கினா. இருவரும் ஆய்வுக்கு வந்தவர்களிடம் புதிர் விடுவிப்பது, களிமண்ணில் உருவம் செய்வது, மணி கோப்பது போன்ற சின்ன வேலைகளைக் கொடுத்து, சிலவற்றை நடுவிலேயே நிறுத்தச் சொன்னார்கள்.

ஸெய்கார்னிக் 1927இல் வெளியிட்ட முடிவு உலகப் புகழ் பெற்றது: முடித்த வேலைகளைவிட நிறுத்தப்பட்ட வேலைகள் நினைவில் நன்றாகத் தங்குகின்றன. 1928இல் ஓவ்சியான்கினா சொன்னது அவ்வளவு பேசப்படவில்லை. வேலையை நிறுத்திவிட்டு ஆட்களைச் சும்மா இருக்க விட்டபோது, யாரும் சொல்லாமல், எந்தப் பரிசும் இல்லாமல் பெரும்பாலானவர்கள் விட்ட வேலைக்கே திரும்பிப் போனார்கள்.

பிறகு வந்த ஆய்வுகள் இரண்டையும் மீண்டும் மீண்டும் சோதித்தன. அவற்றைத் திரட்டி 2025இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில், நினைவு பற்றிய ஸெய்கார்னிக்கின் முடிவு நிலைக்கவில்லை. விட்டதைத் தொடரத் தோன்றும் என்ற ஓவ்சியான்கினாவின் முடிவு நிலைத்தது. தைப்பவர்களுக்கு இது மிக நல்ல செய்தி. தொடங்கியதை முடிக்கும் உந்துதல் மனித மனத்தில் ஏற்கெனவே இருக்கிறது; அதை வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்ற வேண்டியதில்லை.

அப்படியென்றால் அந்தத் துணி ஏன் பத்தாண்டு பையில் கிடக்கிறது? ஓவ்சியான்கினாவின் ஆட்களுக்கு என்ன இருந்தது என்று யோசிக்க வேண்டும். வேலை கண்ணெதிரே மேசைமேல் இருந்தது. கருவி பக்கத்தில் இருந்தது. அடுத்து என்ன செய்வது என்பது தெரிந்திருந்தது. அலமாரிக்குள் போன துணிக்கு இந்த மூன்றும் இல்லை. பஞ்சு வாங்கவில்லை, தரை காலியில்லை, எந்த டிசைனில் தைப்பது என்று முடிவாகவில்லை. உந்துதல் இருக்கிறது, அது போய்ப் பிடிக்க ஒரு முனை இல்லை.

2011இல் மாசிகம்போ, பௌமைஸ்டர் ஆகிய இரு அமெரிக்க உளவியலாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். முடியாத வேலை ஒன்றை நினைவூட்டினால் அது மனத்தில் புகுந்து வேறு வேலைகளைக் குலைக்கிறது. ஆனால் அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வோம் என்று திட்டவட்டமாக எழுதியவர்களிடம் அந்தக் குலைப்பு நின்றுவிட்டது. வேலை இன்னும் முடியவில்லை. திட்டம் எழுதியதே போதுமாக இருந்தது. மனத்தை அரிப்பது அரைகுறைத் துணி மட்டுமில்லை, அதற்கு அடுத்த அடி தெரியாமல் இருப்பதும்தான்.

பையைத் திறந்ததும் மூடுவது

சில துணிகளில் நின்ற இடம் இன்னும் வலிக்கும் இடம். ஒரு கட்டம் கோணலாக வந்திருக்கும். குயில்ட் தையலில் ஓர் இணைப்புக்கு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு பிசகினால், பதினாறு இணைப்பு தாண்டும்போது வரிசை ஓர் அங்குலம் குறைந்திருக்கும். பக்கத்து வரிசையோடு பொருந்தாது. பிளவுஸில் கை தலைகீழாக ஏறியிருக்கும். பிரிக்க வேண்டும் என்று தெரியும். அன்று மனம் வராமல் மடித்து வைத்திருப்போம்.

பல நாள் கழித்துப் பையைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தப் பிழை. மனம் சுருங்குகிறது. பையை மூடியதும் நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிதான் சிக்கல். ஒரு செயலைச் செய்ததும் துன்பம் விலகினால், மூளை அந்தச் செயலைக் கற்றுக்கொள்கிறது. இங்கே அது கற்றுக்கொள்வது பையை மூடுவதை. அடுத்த முறை பை கண்ணில் பட்டதுமே கை வேறு பக்கம் போகும். தள்ளிப்போடுதல் என்பது நேரத்தைக் கையாளத் தெரியாத கோளாறு என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அது அப்போதைய மனநிலையைச் சமாளிக்க மனிதர்கள் செய்யும் முயற்சி என்று ஃபூஷா சிராய், டிமதி பிச்சில் ஆகியோர் 2013இல் விளக்கினார்கள்.

இதற்குத் திட்டு மருந்தாகாது. 2010இல் பிச்சிலும் அவர் கூட்டாளிகளும் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களைக் கவனித்தார்கள். முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். தன்னைக் கடிந்துகொள்வது துணியோடு சேர்த்து இன்னும் கொஞ்சம் துன்பத்தைக் கட்டி வைப்பதாகும். பிழையுள்ள துணியை எடுக்கும்போது அன்றைய வேலை பிரிப்பது மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். தைப்பதற்கு இன்னொரு நாள் இருக்கிறது. பிரித்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்துவிட்டால் அடுத்த முறை பையைத் திறக்கும்போது பிழை கண்ணில் படாது.

நடுவில் வரும் தொய்வு

புதுத் துணி வாங்கும்போது இருக்கும் உற்சாகம் ஏன் நாற்பதாவது கட்டத்தில் இருப்பதில்லை? மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கும் இடம் புதியதைக் கண்டதும் தூண்டப்படுகிறது. பழகியதற்கு அந்தத் தூண்டல் இல்லை. தொடக்கத்தின் இனிப்பு அங்கிருந்து வருகிறது. மறுமுனையிலும் ஒரு தூண்டல் உண்டு. எலிகள் இரையை நோக்கி நடக்கும்போது, இலக்கு நெருங்க நெருங்க மூளையின் உட்பகுதியில் டோபமைன் அளவு படிப்படியாக ஏறுவதை 2013இல் ஆன் கிரேபீலின் ஆய்வுக் குழு பதிவு செய்தது. இலக்கு நெருங்கினால் ஓட்டம் வேகமாகும் என்று 1930களிலேயே கிளார்க் ஹல் எலிகளை வைத்துச் சொன்னதற்கு இது பொருந்தி வருகிறது.

தொடக்கம் ஈர்க்கிறது, முடிவு ஈர்க்கிறது, நடு ஈர்ப்பதில்லை. முதலில் நாம் தொடங்கிய புள்ளியிலிருந்து எவ்வளவு வந்தோம் என்று பார்க்கிறோம். பிறகு முடிவுக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறோம். நடுவில் இரண்டுமே தொலைவு. அங்கே ஒரு தையல் போட்டால் எதுவும் மாறியதாகத் தெரிவதில்லை. மனிதர்களிடம் இந்த நடுத்தொய்வை 2011இல் பொனெட்ஸி தலைமையிலான ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள்.

நடு என்ற ஒன்றைச் சுருக்கிவிடுவதுதான் இதற்கு வழி. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜேன் ஸ்டிக்கிள் என்ற பெண் உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஒரு குயில்ட் தைத்தார். மூலையில் போர்க்காலம், 1863, 5602 துண்டுகள் என்ற செய்தியையும் தன் பெயரையும் தையலால் பொறித்திருக்கிறார். இன்று அது பென்னிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 5602 என்பது மலைக்க வைக்கும் எண். ஆனால் அந்தக் குயில்ட்டின் உடல் 169 சின்னக் கட்டங்களால் ஆனது. ஒவ்வொன்றும் சுமார் 4½ அங்குலம், ஒவ்வொன்றும் வேறு வேறு வடிவம். 169 தொடக்கம், 169 முடிவு. எந்தக் கட்டத்திலும் நடு என்பது சில தையல்களுக்கு மேல் நீளாது. இந்தக் குயில்ட்டைப் பார்த்து உலகெங்கும் பெண்கள் இன்றும் தைக்கிறார்கள்.

நம் துணியிலும் இதைச் செய்ய முடியும். 31 அடி ஓரப்பட்டியை நான்கு பக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் சாக்பீஸால் ஒரு முழத்துக்கு ஒரு கோடாகக் குறிக்கலாம். பாதிக்கு முன்வரை முடித்த முழங்களை எண்ண வேண்டும். பாதி தாண்டியதும் மிச்சமிருப்பவற்றை எண்ண வேண்டும். எப்போதும் சிறிய எண்ணைக் கண்முன் வைத்துக்கொண்டால் முயற்சி கூடுகிறது என்று 2012இல் கூ, ஃபிஷ்பாக் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின.

பழைய வேலைக்கு இன்னொரு சாதகமும் உண்டு. 2006இல் நூனெஸ், ட்ரேஸ் ஆகிய இருவர் ஒரு கார் கழுவும் நிலையத்தில் இலவசக் கழுவலுக்கான அட்டைகளைக் கொடுத்தார்கள். ஒரு வகை அட்டையில் 8 முத்திரை சேர வேண்டும். இன்னொன்றில் 10 முத்திரை, ஆனால் 2 ஏற்கெனவே குத்தியிருக்கும். இருவருக்கும் தேவை அதே 8தான். முதல் வகையினரில் 19 விழுக்காட்டினர் முடித்தார்கள், இரண்டாம் வகையினரில் 34 விழுக்காட்டினர். தொடங்கிவிட்டோம் என்ற உணர்வே இந்த வேறுபாட்டைத் தந்தது. அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு துணியும் ஏற்கெனவே முத்திரை குத்திய அட்டை. அதன் பக்கத்தில் ‘பாக்கி’ என்று மட்டும் எழுதாமல், முடிந்தவற்றை முதலில் எழுத வேண்டும்: வெட்டியாயிற்று, இணைத்தாயிற்று, இஸ்திரி போட்டாயிற்று.

ஆசைப் பேச்சும் ஒரு வரித் திட்டமும்

ஊக்கமூட்டும் பேச்சு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு 2002இல் பிரிட்டனில் மில்ன், ஓர்பெல், ஷீரன் ஆகியோர் செய்த ஆய்வு நல்ல விடை தருகிறது. அது தையலைப் பற்றியதில்லை, உடற்பயிற்சியைப் பற்றியது. ஒரு குழு மாணவர்களுக்கு எதுவும் சொல்லவில்லை. இன்னொரு குழுவுக்கு உடற்பயிற்சியால் இதயத்துக்கு வரும் நன்மைகளை எடுத்துச் சொன்னார்கள். இந்த இரு குழுக்களிலும் 40 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே அந்த வாரம் பயிற்சி செய்தார்கள். நன்மையைக் கேட்டவர்களுக்கு ஆசை கூடியிருந்தது, செயல் கூடவில்லை. மூன்றாவது குழுவினர் கூடுதலாக ஒன்றே ஒன்று செய்தார்கள்: எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதிக்கொடுத்தார்கள். அவர்களில் 91 விழுக்காட்டினர் செய்தார்கள்.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் வளர்த்தெடுத்த இந்த வழியை 94 சோதனைகளில் திரட்டிப் பார்த்தபோதும் பலன் தெளிவாகவே இருந்தது. அது நடக்கும் விதம் எளிது. ‘இது வரும்போது இதைச் செய்வேன்’ என்று கட்டி வைத்தால், அந்த வேளை வந்ததும் செயல் நினைவுக்கு வருகிறது. செய்யலாமா என்று மறுபடி யோசிக்க வேண்டியதில்லை. தையலில் அதன் வடிவம் இப்படி இருக்கும்: ‘ஞாயிறு காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, பச்சை பிளவுஸுக்கு இரண்டு கொக்கி வைப்பேன்.’ ‘இந்த மாதம் பிளவுஸை முடிப்பேன்’ என்பது ஆசை. அதில் கை பிடிக்க எதுவும் இல்லை.

நேரத்தைக் கணிப்பதில் மட்டும் நம் மனத்தை நம்பக் கூடாது. 1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் ஆகியோர் கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தவறாகப் போனால்கூட 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சராசரியாக 55 நாளுக்கு மேல். மனம் எண்ணுவது தைக்கும் நேரத்தை மட்டும். பாபின் தீர்ந்து மறுபடி சுற்றுவது, ஊசி முறிவது, நூல் நிறம் கிடைக்காமல் கடைக்குப் போவது, பிரித்துத் தைப்பது எதுவும் கணக்கில் வருவதில்லை. ஒரே மாலையில் முடியும் என்று நினைத்தது முடியாதபோது நாம் தோற்றதாக எண்ணுகிறோம். தோற்றது கணக்கு மட்டும்தான். இதற்கு முன் இதே மாதிரி வேலைக்கு நிஜமாக எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நினைத்துப் பார்ப்பதே சரியான அளவுகோல்.

நிறுத்தும்போது செய்ய வேண்டிய ஒன்று உண்டு; அது எல்லாவற்றையும்விட மலிவானது. ஒரு துண்டுக் காகிதத்தில் தையல் இடம் எத்தனை அங்குலம், மெஷினில் தையல் நீளம் எந்த எண்ணில் இருந்தது, எந்த நூல், அடுத்து எந்தத் துண்டு என்று எழுதித் துணியோடு வைக்க வேண்டும். ஒரு வருடம் கழித்துத் திரும்பும்போது கை மறந்துவிடுவது இவற்றைத்தான். வரிசை முடியும் இடத்தில் நிறுத்தாமல், அடுத்த வரிசையில் நாலு தையல் போட்டு ஊசியை அங்கேயே குத்தி வைத்து எழுந்தால், மறுநாள் உட்காரும்போது தொடங்குகிறோம் என்ற உணர்வே இருக்காது, தொடர்வது மட்டும்தான்.

முடிவை உள்ளேயே வைத்துத் தைப்பவர்கள்

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி சமூகத்துப் பெண்கள் கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். கவந்தி தைக்கும் முறை அமெரிக்கக் குயில்ட்டுக்கு நேர்மாறு. தனியாக மேல்விரிப்பு தைத்து வைப்பதில்லை. அடித்துணியை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, பழைய புடவை, சட்டைத் துண்டுகளை ஓரமாக வைத்து ஓட்டுத் தையலால் தைத்தபடியே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். துண்டு சேர்ப்பதும், அடுக்குகளை இணைப்பதும், ஓரம் மடிப்பதும் ஒரே தையலில் நடந்துவிடும். மூலைகளில் வண்ணத் துணியை மடித்து ‘பூலா’ என்ற பூவை வைத்துத்தான் போர்வையை முடிப்பார்கள். அது இல்லாத போர்வையை முழுமையானதாக அவர்கள் கருதுவதில்லை.

இதில் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. வேலையின் சுபாவம் எங்கும் மாறுவதில்லை. ஊசி அதேதான், இடமும் அதேதான். அடுத்த தையல் எங்கே என்பது எப்போதும் தெரியும்: முந்தைய வரிசைக்கு உள்ளே. சுற்று ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சின்னது, ஆகவே முடிவு நெருங்க நெருங்க வேலை வேகமாக முடியும். நிற்பதற்கான மூட்டுகளே இல்லாத தையல் முறை இது.

வேறொரு வழியை 1841இல் ‘ராஜா’ என்ற கப்பலில் காணலாம். பிரிட்டனிலிருந்து வான் டீமன்ஸ் லேண்டுக்கு, அதாவது இன்றைய டாஸ்மேனியாவுக்கு, தண்டனை பெற்ற சுமார் 180 பெண்களை அது ஏற்றிச் சென்றது. சிறைச் சீர்திருத்தத்துக்குப் பாடுபட்ட எலிசபெத் ஃபிரையின் பெண்கள் அமைப்பு அவர்களுக்கு ஊசி, நூல், ஒட்டுத்துணிகளைக் கொடுத்து அனுப்பியது. மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட கடல் பயணத்தில் அந்தப் பெண்கள் 2815 துண்டுகளால் ஒரு பெரிய விரிப்பைத் தைத்து முடித்தார்கள். அது இன்று ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுப் பிரிக்கப்பட்ட பெண்கள் அவர்கள். தையல் தெரிந்தவர்களும் அதிகம் பழகாதவர்களும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை முடிந்ததற்குக் காரணங்கள் கண்முன் இருக்கின்றன: பொருள் கையில் இருந்தது, பக்கத்தில் ஆள் இருந்தது, கப்பல் கரை சேரும் நாள் ஒன்று இருந்தது.

கெடு நாளின் பலத்தை 2002இல் ஏரியலி, வெர்டென்பிராக் ஆகியோர் அளந்தார்கள். பிழை திருத்தும் வேலைக்கு ஒரு குழுவுக்குச் சீரான இடைவெளியில் கெடு விதித்தார்கள், ஒரு குழுவைத் தானே கெடு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், ஒரு குழுவுக்குக் கடைசி நாள் மட்டும் கொடுத்தார்கள். சீரான கெடு பெற்றவர்கள் முதலிடம், தாமே வைத்துக்கொண்டவர்கள் இரண்டாமிடம், கடைசி நாள் மட்டும் பெற்றவர்கள் கடைசி. குயில்ட் குழுக்கள் இதைத் தம் அனுபவத்தால் கண்டுகொண்டிருக்கின்றன. ஆளுக்கு 12 அரைகுறை வேலைகளை 1 முதல் 12 வரை எண்ணிட்டு எழுதுவார்கள். மாதம் ஒரு சீட்டு குலுக்குவார்கள். வந்த எண்ணில் இருக்கும் துணியைத்தான் எல்லோரும் அந்த மாதம் எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்ற யோசனையும் மிச்சம், கெடுவும் கிடைத்தது, கூட உழைக்க ஆளும் கிடைத்தது.

விட வேண்டியதை விடுவது

எல்லாவற்றையும் முடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. 1985இல் ஆர்க்ஸ், புளூமர் ஆகியோர் நாடகப் பருவச் சீட்டுகளைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் விற்றார்கள். பருவத்தின் முதற்பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த காசு திரும்பி வராது என்று தெரிந்தும் அது நம்மை இழுக்கிறது. பட்டுத் துணிக்குக் கொடுத்த விலை, வெட்டிச் செலவழித்த நாட்கள் ஆகியவையும் அப்படித்தான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் துணி இன்று இதே நிலையில் என் கைக்குப் புதிதாக வந்தால், எடுத்துத் தைப்பேனா? இல்லை என்றால் அது வேறு கைக்குப் போகலாம். எட்ட முடியாத இலக்கை விட்டு வேறொன்றில் ஈடுபட முடிந்தவர்களின் மனநலம் மேலாக இருப்பதைக் கார்ஸ்டன் ராஷின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

முடிவெடுக்காமல் பையிலேயே வைத்திருப்பதற்கும் விலை உண்டு. துணியில் குத்திய இரும்பு ஊசியும் பின்னும் கடற்காற்று ஈரத்தில் துருப்பிடிக்கும். அந்தத் துரு பருத்தி நாரையே அரிக்கும், கறை எளிதில் போகாது. நீரில் கரையும் நீல மார்க்கர் கோடு வெயிலிலோ இஸ்திரிச் சூட்டிலோ பட்டால் நிலைத்துவிடலாம். கஞ்சி போட்ட துணியைப் புத்தகப் பூச்சி தேடி வரும். எலாஸ்டிக் இறுகி நொறுங்கும். எடுத்து வைக்கத்தான் போகிறோம் என்றால் ஊசிகளை எடுத்துவிட்டு, கஞ்சியை அலசி, உலர்த்தி மடிக்க வேண்டும்.

தைத்தவர் போய்விட்ட துணிகளும் இருக்கின்றன. 2022இல் அமெரிக்காவில் மேசி கேப்லன், ஜென் சிமோனிக் என்ற இரு பெண்கள் ‘லூஸ் எண்ட்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இறந்தவர்களும், நோயால் கை இயங்காமல் போனவர்களும் பாதியில் விட்ட பின்னல், தையல் வேலைகளைக் குடும்பத்தார் அனுப்பினால், அந்தக் கலை தெரிந்த தன்னார்வலர்கள் காசு வாங்காமல் முடித்துத் திருப்பித் தருகிறார்கள். அம்மாவின் தையல் முடிந்த இடத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவரின் தையல் தொடர்கிறது. அதற்கு அமைப்பு இருந்தால்தான் ஆகும் என்பதில்லை. நம் தெருவிலேயே தைக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுக்கலாம்.

முடிப்பதன் மதிப்பைப் பற்றி 2012இல் நார்ட்டன், மோச்சன், ஏரியலி ஆகியோர் ஒரு சோதனை செய்தார்கள். தாங்களே கட்டிய பெட்டி, தாங்களே மடித்த காகித உருவம் ஆகியவற்றுக்கு மனிதர்கள் அதிக மதிப்புத் தருகிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் கட்டி முடிக்க முடியாதபோது அந்தக் கூடுதல் மதிப்பு மறைந்துவிட்டது. உழைப்பு அன்பாக மாறுவதற்கு வேலை முடிய வேண்டும். நாம் செலவிட்ட மாலைகளின் பலன் அந்தக் கடைசி முழத்தில் காத்திருக்கிறது. அதனால்தான் முடிப்பதற்காக இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வாரம் அலமாரியைத் திறப்பவர்கள் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட வேண்டாம். ஒன்றை மட்டும் எடுத்து, அது எங்கே நின்றது என்று பாருங்கள். பொருள் இல்லாமல் நின்றதா, அந்தப் பொருளை வாங்குவதுதான் அடுத்த வேலை. முடிவெடுக்காமல் நின்றதா, இரண்டு வழியில் ஒன்றை இன்றே தேர்ந்துகொள்ளுங்கள். தைக்காத அழகான டிசைனைவிடத் தைத்த நேர்க்கோடு மேல். பிழையில் நின்றதா, இன்று பிரிப்பது மட்டும். ஆசையே போய்விட்டதா, யாருக்குக் கொடுப்பது என்று பெயர் எழுதுங்கள். பிறகு அடுத்த தையல் எது, எந்த நாள், எந்த இடம் என்று ஒரே வரியில் எழுதித் துணிமேல் வைத்து, துணியைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். அந்த நாள் மனம் எப்படி இருந்தாலும் அந்த ஒரு தையலைப் போடுங்கள். அதற்கடுத்த தையலுக்கு ஊக்கத்தைத் தேடிப் போக வேண்டியிருக்காது.